பட்டியலில் இல்லாத தாழ்ப்பாள்: சேலத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனவரியில் ஒரு புதன்கிழமை காலை, ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கிய பேருந்தில் ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு வந்தார். கையில் ஒரு வயர்க்கூடை. அதற்குள் தண்ணீர் பாட்டில், பையனுடைய பழைய மருந்துச் சீட்டு, ஒரு துண்டு, தூக்குப்போசியில் இரண்டு உருண்டை களி. பையனைச் சுற்றி ஒரு கம்பளி. பையனுக்குக் காய்ச்சல், பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் துணிமூட்டை கட்டிக்கொண்டு போக முடியுமா? மாற்றுத்துணி ஒன்றை எடுத்திருந்தால்கூட வாசலிலேயே பிடிபட்டிருப்பார்.

அடி தாங்க முடியாமல் வெளியேறும் பெண்கள் ஏன் வெறுங்கையோடு வருகிறார்கள் என்று பலர் எங்களிடம் கேட்பதுண்டு. அவசரத்தில் மறந்துவிட்டு வருவதாக நினைக்கிறார்கள். மறதி இல்லை. ஒன்றும் எடுக்காததால்தான் அவரால் வர முடிந்தது.

இதை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க மாதம், வயது, குழந்தைகள் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எந்தத் தோட்டம், இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதைச் சொல்லப்போவதில்லை. நாங்கள் சேலத்தில் ஏழு பேர், எல்லோரும் பெண்கள். காப்பகத்துக்கு வருகிறவர்களுக்கு வீட்டுச் சாமான் வாங்கிக் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை. வழக்கு, மனநல ஆலோசனை எல்லாம் அதற்குரியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எங்களிடம் 34 பொருட்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. இந்த ஒரு நிகழ்வுக்குப் பிறகு அந்தப் பட்டியலைப் பாதிக்குமேல் மாற்றி எழுதினோம்.

அவர் இருந்தது காப்பித் தோட்டத்து லைன் வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று. வீடு கணவரின் வேலையோடு ஒட்டியது. அவரும் அதே தோட்டத்தில் பழம் பறிக்கும் தினக்கூலி. அதனால் வீட்டை விட்டால் வேலையும் போய்விடும், சுற்றியிருக்கும் ஆட்களும் போய்விடுவார்கள். கூலியைக் கணவர் வாங்கிக்கொள்வார். பறிப்புக் காலத்தில் மட்டும் வேலை அதிகம் என்பதால் கொஞ்சம் கையில் நிற்கும். அப்படி ஒளித்துவைத்த 340 ரூபாய்தான் அவர் ஜனவரியில் கிளம்பியதற்குக் காரணம். முந்தின ஆவணியிலேயே முடிவு செய்துவிட்டாராம். பேருந்துக் காசுக்காக ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறார்.

சேலம் பேருந்து நிலையத்தில் ஒரு கடைக்காரரிடம் போன் வாங்கிப் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தார். அந்த எண்ணை மலையில் ஒரு சுகாதார நிலையச் சுவரில் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். அங்கிருந்து, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு, அதாவது 'சகி' மையத்துக்கு வந்து சேர்ந்தார்.

முதல் இரவு

மையத்திலிருந்து போன் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது உள்ளாடை அளவு. கேட்கவே கூச்சப்படுகிற விஷயம் என்பதால்தான் எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள். புடவை குவியும், போர்வை குவியும். மாற்று உள்பாவாடை இல்லாமல், குளித்துவிட்டு ஈர உள்ளாடையையே திரும்பப் போட்டுக்கொண்டு ஒரு பெண் மூன்று நாள் இருந்ததை ஆரம்ப காலத்தில் பார்த்தோம். அவர் வாய் திறந்து கேட்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

அன்று கொண்டுபோன பையில் இரண்டு நைட்டி, இரண்டு உள்பாவாடை, உள்ளாடைகள், நாப்கின், துண்டு, சோப்பு, சீப்பு, தேங்காய் எண்ணெய், மூன்று பல்துலக்கி, குழந்தைகளுக்கு இரண்டு செட் துணி, ஒரு ஜோடி செருப்பு இருந்தன. செருப்பு பட்டியலில் எப்போதும் உண்டு. அவர் போட்டு வந்த செருப்பின் வாரை ஊக்கு குத்திப் பிடித்திருந்தார்.

எல்லாம் புதியவை. இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். பழைய பாத்திரம் வாங்குவோம், பழைய மேசை வாங்குவோம். உடலில் படுகிற எதையும் பழையதாக வாங்குவதில்லை. எல்லாம் பறிபோய் வந்து நிற்கிறவரிடம் முகம் தெரியாத ஒருவர் உடுத்திக் கழித்ததை நீட்டக் கூடாது. பையின் மேல் எந்தப் பெயரும் இருக்காது. கொடுக்கும்போது படம் எடுக்க மாட்டோம். நன்கொடை தருகிறவர் எவ்வளவு கேட்டாலும் சரி. ஒரு படம் கைமாறிக் கைமாறி எந்த வாட்ஸ்அப் குழுவில் போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

நாங்கள் கொண்டுபோனவற்றில் ஒன்று மட்டும் தேவைப்படவில்லை. பையனுக்குப் புதுப் போர்வை வைத்திருந்தோம். அவன் தன் கம்பளியை விட மறுத்தான். அழுக்காக இருக்கிறது, துவைத்துத் தருகிறோம் என்று யாரோ எடுக்கப் போனதும் அலறிவிட்டான். இரண்டாம் நாள் அவனையே சோப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் கண்ணெதிரே துவைத்து, காயும்வரை அவனைக் கொடிக்கு அருகிலேயே இருக்கவிட்டார்கள். அந்த மையத்து அம்மாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

சகி மையத்தில் ஐந்து நாள் வரைதான் தங்கலாம். அது தற்காலிக இடம். அதற்குப் பிறகு, பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு துணைக்கு வருகிறது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில், இந்தச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரோ கேட்டால், தங்கும் இல்லத்தின் பொறுப்பாளர் இடம் தர வேண்டும். ஆறாம் நாள் அவர் ஓர் இல்லத்துக்கு மாறினார். அங்கே ஏழு வாரம் இருந்தார்.

அந்த ஏழு வாரத்தில் நாங்கள் எந்தச் சாமானும் வாங்கவில்லை. வேண்டுமென்றேதான் வாங்கவில்லை. முந்தின ஆண்டு வேறொரு பெண்ணுக்கு 34 பொருளையும் மூட்டையாகக் கட்டி ஆறாம் நாளே இல்லத்தில் கொண்டுபோய் இறக்கினோம். இல்லத்தில் ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு சின்ன அலமாரி. மூட்டை வராந்தாவில் கிடந்தது. குக்கர் மூடி காணாமல் போனது, அதற்காக ஒரு சண்டை. எங்கள் பணம் முழுக்க அதில் போய்விட்டதால் அவருக்கு அறை கிடைத்தபோது அட்வான்ஸுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அவர் கணவரிடமே திரும்பிப் போனார். அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரியான நேரத்துக்கு முன்னால் கொடுத்த பொருள் அவருக்கு உதவவில்லை, சுமையாகத்தான் ஆனது. இதை இன்றும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குறுஞ்செய்தி யாருக்குப் போகிறது

இந்த ஏழு வாரமும் காகித வேலைக்குச் சரியாக இருந்தது. வீட்டுச் சாமானைப் பற்றிய ஆய்வில் காகிதம் எதற்கு என்று தோன்றலாம். ஆதார் இல்லாமல் வாடகை வீடு இல்லை, அடுப்புக்கு எரிவாயு இல்லை. அதனால் எங்கள் கணக்கில் இதுவும் வீட்டுச் சாமான்தான்.

அவருடைய ஆதார் அட்டை வீட்டில் இருந்தது. இணையத்தில் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எடுக்கப் போனால் பதிவு செய்த கைபேசிக்கு ஓடிபி போகும். அது கணவரின் எண். நல்லவேளையாகப் பொத்தானை அழுத்துவதற்கு முன் எங்களில் ஒருவர் கேட்டார். ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து, முதலில் கைபேசி எண்ணை மாற்றி, அதற்குப் பிறகு அட்டையை எடுத்தோம்.

ரேஷனும் இப்படித்தான். தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம், அட்டையில் பெயர் உள்ளவர் கைரேகை வைத்தால் போதும். ஆனால் பொருள் வாங்கியதும் குறுஞ்செய்தி போவது குடும்ப அட்டையில் பதிந்த எண்ணுக்கு. மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது, ஆனால் ஏடிஎம் அட்டை கணவரிடம் இருந்தது, கணக்கில் பதிந்த கைபேசி எண்ணும் கணவருடையது. வங்கிக்குப் போய் அட்டையை முடக்கி எண்ணை மாற்றும்வரை ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தோம். எதை எங்கே வாங்குகிறார், எங்கே பணம் எடுக்கிறார் என்று ஒவ்வொரு குறுஞ்செய்தியும் தேடுகிறவருக்கு வழி காட்டிவிடும். குடும்ப அட்டையில் பெயர் நீக்கி, தனி அட்டை வரும்வரை இரண்டு மாத மளிகையை நாங்களே ஏற்றுக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

பெண் குழந்தையின் பள்ளி விஷயம் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையைத் தாமதப்படுத்தவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தலைமையாசிரியைக்கு அது தெரிந்திருந்தது. மறுநாளே வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மதியம்

மார்ச்சில் அவருக்கு ஒரு கொலுசுப் பட்டறையில் உதவி வேலை கிடைத்தது. பத்துக்குப் பத்து அறை ஒன்றும் அமைந்தது. வாடகை 3,000, அட்வான்ஸ் 15,000. இந்த முறை அட்வான்ஸை எடுத்துவைத்திருந்தோம். சாமானுக்கு 12,000 ரூபாய்.

வழக்கமாக நாங்களே போய் வாங்கி வருவோம். இந்த முறை அவரையும் கூட்டிப்போகலாம் என்று எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா சொன்னார். ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருந்தது. நேரமாகும், கடையில் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றேன். மலையாட்கள் சந்தைக்கு இறங்காத நாளாகப் பார்த்து மதியம் இரண்டு மணிக்குப் போவது என்று முடிவானது.

செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்குள் போனதும் அவர் முதல் பத்து நிமிடம் எதையும் தொடவில்லை. "நீங்களே எடுங்கக்கா, எதுவா இருந்தாலும் சரி" என்றார். நான் வழக்கம்போல் ஐந்து லிட்டர் குக்கரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இதுல களி கிண்ட முடியாதுங்கக்கா."

அதற்குப் பிறகுதான் அவர் வாங்க ஆரம்பித்தார். குக்கருக்குப் பதிலாக அடி கனமான ஒரு அலுமினியக் குண்டா. ஒரு களித் துடுப்பு. பாத்திரங்களை எடுத்து விரலால் சுண்டி ஓசை கேட்டு, இரண்டைத் திருப்பி வைத்தார். எவர்சில்வரை எடைக்குப் போடும் கடை. தராசு முள்ளைப் பார்த்து, "இன்னொரு தட்டு எடுத்தா எவ்வளவுங்க?" என்று பேரம் பேசினார். மூன்று பேருக்கு நான்கு தட்டு எடுத்தார். யாராவது வந்தால் வேண்டும் என்றார். தன் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வரலாம் என்று அவர் நினைத்தது எனக்கு எவ்வளவு பெரிதாகப்பட்டது என்பதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

கணவர் வீட்டில் மளிகைச் சாமானைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வேளைக்கு அளந்து கொடுப்பார்களாம். கூலியைப் பறிப்பது, வீட்டுக்கு அவசியமானதைத் தராமல் வைப்பது எல்லாம் பொருளாதார வன்முறை என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பத்து வருடம் இன்னொருவர் அளந்து கொடுத்ததை வாங்கிச் சமைத்தவருக்கு, நாங்களும் ஒரு மூட்டையை அளந்து கொடுத்துவிட்டு வருவது எப்படிச் சரியாகும்? எங்கள் நோக்கம் நல்லது என்பதால் அந்தச் செயல் மாறிவிடாது. அன்றிலிருந்து நாங்கள் யாருக்கும் சாமான் தேர்ந்தெடுப்பதில்லை. வர முடியாத நிலையில் இருப்பவருக்குக் கடையிலிருந்து வீடியோ அழைப்பில் காட்டிக் கேட்கிறோம்.

பில் போட்டதும் கடைக்காரர் "பேர் வெட்டணுமாம்மா?" என்று கேட்டார். சேலத்தில் பாத்திரம் வாங்கினால் கேட்கிற கேள்விதான். இவர் திகைத்து நின்றார். இதுவரை வெட்டிய எல்லாவற்றிலும் ஓர் ஆணின் முதலெழுத்து இருந்திருக்கும். கடைசியில், பாப்பா பேரைப் போடுங்க என்றார்.

குக்கருக்கு ஒதுக்கிய பணத்தில் மேசை மின்விசிறி வாங்கினோம், 1,600 ரூபாய். மலையில் பிறந்து வளர்ந்தவர்கள். சேலத்து மார்ச் வெயிலில், சிமென்ட் ஷீட் போட்ட அறையில், இரவு முழுக்கக் குழந்தைகள் எப்படித் தூங்குவார்கள்? எங்கள் 34 பொருளில் கம்பளி இருந்தது, மின்விசிறி இல்லை. நன்கொடையாக எது வருகிறதோ அதை வைத்து எழுதிய பட்டியல் அது.

அடுப்புக்கு ஒரு குறிப்பு, மற்றவர்களுக்கும் பயன்படும். வழக்கமான வீட்டுச் சிலிண்டர் இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும். வீட்டுக்காரம்மா வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினார். 5 கிலோ சிறிய சிலிண்டருக்கு அடையாளச் சான்று ஒன்றே போதும், பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கிறது. சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய் எல்லாம் சேர்த்து 1,950 ரூபாய் ஆனது. ஒற்றை அடுப்பு 900. கிலோ கணக்குப் பார்த்தால் எரிவாயு விலை அதிகம்தான். ஆனால் அன்று மாலையே உலை வைக்க முடிந்தது.

கதவு

சாமானை இறக்கிவைத்துவிட்டு, வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். வாளி, முறம், துடைப்பம், பாய், தலையணை எல்லாம் வந்துவிட்டது. அவர் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பழைய மரக்கதவு. உள்பக்கம் ஒரு கொக்கி. வெளிப்பக்கம் பூட்டுப் போட நீளமான ஒரு தாழ்ப்பாள்.

"உள்ளே நல்ல தாழ்ப்பாள் ஒண்ணு வேணுங்கக்கா" என்றார். சரி, புரிகிறது, கணவர் வந்து கதவை உடைத்துவிடுவார் என்ற பயம் என்று நினைத்தேன். நாளைக்கே போட்டுவிடலாம் என்றேன். அப்புறம் மெதுவாக, "வெளியில இருக்கறத எடுத்துடலாங்களா?" என்று கேட்டார்.

லைன் வீட்டில் கணவர் வேலைக்குப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவாராம். ஒருமுறை உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே. வெளியே தாழ்ப்பாள் இருக்கிற எந்தக் கதவுக்குப் பின்னாலும் அவரால் தூங்க முடியாது. இல்லத்தில் இருந்த ஏழு வாரமும் கதவோரமாகத்தான் படுத்திருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வெளித் தாழ்ப்பாளை எடுத்துவிட்டால் வேலைக்குப் போகும்போது எப்படிப் பூட்டுவது? தச்சர் வழி சொன்னார். நைட் லாட்ச் போட்டால் வெளியிலிருந்து சாவியால் பூட்டலாம், உள்ளேயிருந்து சாவியே இல்லாமல் திருகித் திறந்துவிடலாம், குழந்தையாலும் முடியும். அதோடு மேலும் கீழும் இரண்டு உள்தாழ்ப்பாள். தச்சர் கூலியோடு 1,700 ரூபாய். மொத்தச் செலவு 13,050 ஆனது. கூடுதல் 1,050 ரூபாயை எங்களுக்குள் போட்டுக்கொண்டோம். வீட்டுக்காரம்மாவிடம் கதவைத் தொட அனுமதி வாங்கத்தான் பணத்தைவிட அதிக நேரம் பிடித்தது. நல்ல பூட்டு, காலி செய்யும்போது உங்களுக்கே இருக்கட்டும் என்றதும் சம்மதித்தார்.

தச்சர் போனதும் அவர் பெண்ணை உள்ளே நிற்கவைத்து, வெளியே வந்து பூட்டினார். "இப்பத் திற" என்றார். திறந்தது. பையனை நிற்கவைத்து அதேபோலப் பூட்டினார். அவனுக்கு எட்டவில்லை. ஒரு முக்காலி வேண்டும் என்றார். 35-ஆவது பொருள் உள்தாழ்ப்பாள், 36 நைட் லாட்ச், 37 முக்காலி.

சீர்வரிசை

இல்லத்தில் இருந்தபோதே பாதுகாப்பு அலுவலர், நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கையை எழுதினார். அந்தப் படிவத்தில் சீதனப் பொருட்களுக்கும் இடம் உண்டு. அதை வெற்றாக விட்டுவிடுகிறவர்கள் நிறைய. உயிர் பிழைத்து வந்ததே போதும், பாத்திரத்துக்கு யார் சண்டை போடுவது என்கிற மனநிலை அப்போது இருக்கும். நாங்கள் வற்புறுத்துவதில்லை. ஆனால் நினைவு மங்குவதற்குள் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்கிறோம்.

இவர் 41 பொருள் எழுதினார். பில் ஒன்றும் இல்லை. சாட்சியாக வந்தது அவர் அம்மா வீட்டில் இருந்த மொய் நோட்டு. யார் குடம் வைத்தார், யார் குத்துவிளக்கு வைத்தார் என்று கல்யாணத்தன்று அவர் மாமா எழுதியது. பாத்திரங்களில் அப்பாவின் முதலெழுத்தோடு இவர் பெயரும் வெட்டியிருந்தது. சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின் 8-ஆவது உட்பிரிவில் நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று 27-ஆவது பிரிவு சொல்வதால் மலை ஏற வேண்டியிருக்கவில்லை.

மே மாதம் இடைக்கால உத்தரவு வந்தது. காவலர் துணையோடு போய் ஒரு 'சின்ன யானை' சரக்கு வண்டியில் 17 பொருள் வந்து இறங்கியது. மிக்சி முன்பே குடிக்கு விற்கப்பட்டிருந்தது. குடங்கள் நசுங்கியிருந்தன. ஒரு பெரிய பித்தளை அண்டா மட்டும் அப்படியே இருந்தது. அந்த அறையில் அதை வைத்தால் ஆள் படுக்க இடமில்லை. மறுநாளே செவ்வாய்ப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிட்டார். போராடி வாங்கியதை இப்படி விற்றுவிட்டாரே என்று எங்களில் ஒருவர் வருத்தப்பட்டார். அந்தப் பணத்தில் பெண்ணுக்கு மிதிவண்டியும் மூன்று மாத வாடகையும் ஆனது. அவர் அண்டா, அவர் முடிவு.

பீரோ இன்னும் மலையில்தான் இருக்கிறது. அதற்குள் அவருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறதாம். சாவி தொலைந்துவிட்டது என்று எதிர்த்தரப்பில் சொல்கிறார்கள். அடுத்த வாய்தா ஜூலையில்.